வரமாட்டான் என்று சொன்ன தாய்

போன வாரம் நான் சிறப்புக் குழந்தைகளுக்கான நம் மையத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், ஒரு கொழந்தயப் பாத்தா ஆட்டிசம்னு எவ்வளவு நேரத்துல கண்டுபிடிப்பீங்க?" கேள்வியில் ஆர்வம் இருந்தது. கொஞ்சம் பந்தயமும் இருந்தது. சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை.

என் பணிக்காலத்தில் மிகச் சீக்கிரம் நான் அடையாளம் கண்ட குழந்தை ஒருவன் உண்டு. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் அது மட்டும் அன்றைக்குப் போதவில்லை. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தாய், பிள்ளை இருவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடிதான்.

நான் சிறப்புக் கல்வியாளராக இருந்த கடைசிக் காலம் அது. எல்லோர் கைபேசியிலும் ஒரே செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் மாவட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது, பெண்களும் அதில் இருக்கிறார்கள், வேறு மொழி பேசுவார்கள், மயக்க மருந்து வைத்திருப்பார்கள் என்று. எங்கோ எப்போதோ எடுத்த வீடியோ ஒன்றும் கூடவே வரும். குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்க நாங்கள் அங்கன்வாடியில் ஸ்கிரீனிங் கேம்ப் போட்டால், தாய்மார்கள் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே யோசித்தார்கள். எங்கள் வண்டியைக்கூடச் சில ஊர்களில் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் காலையில் கேம்ப் முடித்தோம். ஊர் முக்கில் அன்று சந்தை. டிரைவர் முருகேசன் டீ சொல்லப் போயிருந்தார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து அந்த அலறல் கேட்டது.

குழந்தைகளின் அழுகை நமக்குப் பழக்கம். பசியானாலும் அடமானாலும் அதில் ஒரு இடைவெளி இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளும் இடைவெளி. இந்த அலறலில் அது இல்லை. யாரையும் கூப்பிடாத அலறல். கால்கள் தாமாக அந்தப் பக்கம் போயின.

கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் ஒரு இளம் பெண் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. உதடு கிழிந்து ரத்தம். ரவிக்கையின் ஒரு கை தோளோடு பிய்ந்திருந்தது. நாலு வயது இருக்கும், ஒரு பையன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அவனை இடுப்பில் இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் அங்கே மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. பையன் வில்லாக வளைந்து, அவர் நெஞ்சில் தலையை மோதிக்கொண்டே இருந்தான்.

"என்னாச்சுங்க?" என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"புள்ளய தூக்கிட்டு வந்துட்டாங்க மேடம். புள்ள கத்துச்சு. இவ முந்தானைய வெச்சு வாய அழுத்தறா. அந்த அண்ணன் பாத்துட்டாரு."

கீழே இருந்த பெண் பையனைப் பார்த்துக் கையை நீட்டி, "ரா நான்னா, ரா நான்னா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். தெலுங்கில் வா கண்ணா என்று அர்த்தம். கர்நாடக எல்லைப் பக்கம் தெலுங்கு பேசுகிற ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் பயந்து நிற்கிற கூட்டத்துக்கு அது வேற்று மொழி, அவ்வளவுதான்.

"எந்த ஊருடி நீ? ஒழுங்கா சொல்லு" என்று கூட்டத்தில் ஒருவர் அதட்டினார்.

அவள் ஊர் பெயரைச் சொன்னாள். பயத்தில் தமிழ் குழறியது. புருஷன் ஓசூரில் லோடு வண்டி ஓட்டுகிறார் என்றாள். அவளுடைய பழைய பட்டன் போனிலிருந்து ஒருவர் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்து அடித்து நின்றது.

கத்திக் கத்திக் களைத்துப்போய்ப் பையனின் அலறல் கொஞ்சம் இறங்கியது. தீவனக் கடைக்காரர் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"தம்பி, உம்பேரு என்ன?"

"உம்பேரு என்ன," என்றான் பையன், அவருடைய அதே குரலில்.

"இது உங்க அம்மாவா?"

"உங்க அம்மாவா."

"அம்மா இல்லையா?"

"அம்மா இல்லையா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பையன் எங்கேயோ பார்த்துக்கொண்டு, தெளிவான உச்சரிப்பில், "இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்" என்றான். திரும்பவும் அதையே சொன்னான்.

"கேட்டீங்களா," என்றான் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞன். "புள்ள எவ்ளோ சுத்தமா தமிழ் பேசுது. இவளுக்குத் தமிழே சரியா வரல. எப்படி இவ புள்ளயா இருக்கும்?"

யாரோ பின்னாலிருந்து அவள் முதுகில் உதைத்தார்கள்.

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு அறிகுறியும் அங்கே இருந்தது. கேட்டதையே திருப்பிச் சொல்கிறான். டிவியில் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறான். வீட்டில் பேசுகிற மொழியைவிட டிவியின் மொழி அவனுக்கு நன்றாக வருகிறது. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நம் அறையில் இதையெல்லாம் பார்த்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று எழுதுவோம். சந்தை முக்கில் அதே அறிகுறிகள் கடத்தப்பட்ட குழந்தை என்பதற்குச் சாட்சியாக நின்றன.

"இது ஆட்டிசம், அவங்கள விடுங்க" என்ற சத்தம் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் பையனுக்கு என்ன என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் யார் என்பது தெரியவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையை யாரும் கடத்த மாட்டார்களா? அவனால் பெயர் சொல்ல முடியாது, ஊர் சொல்ல முடியாது. கடத்துபவர்களுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். சும்மா நின்றால் ஒரு தாயை என் கண் முன்னாலேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள்.  

டீக் கிளாசோடு வந்த முருகேசனிடம், "போலீசுக்குப் போன் பண்ணுங்க. வண்டிய இங்கயே கொண்டாந்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"நான் கொழந்தைங்கள டெஸ்ட் பண்ற டீம்ல இருந்து வந்திருக்கேங்க. கொஞ்சம் வழி விடுங்க."

படம் பிடித்த இளைஞனின் செல்போன் என் முகத்துக்கு நேராக வந்தது. "கார்டு காட்டுங்க. போலி கார்டு வெச்சுக்கிட்டும் வர்றாங்களாம்."

கார்டைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. "நீங்களும் இவளும் ஒரே கோஷ்டியா?" என்றான். சுற்றியிருந்த கண்கள் எல்லாம் அவளை விட்டுவிட்டு என் மேல் திரும்பின.  நல்ல வேளையாக, சற்று முன் நான் விசாரித்த அந்தப் பெண், "இல்லப்பா, காலைல அங்கன்வாடில எம்புள்ளைக்கு டெஸ்ட் பண்ணது இவங்கதான். எனக்குத் தெரியும்" என்றாள். ஒருவர் இருவர் விலகினார்கள்.

நான் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினேன். அவள் முன்கையில் பல் பதிந்த காயங்கள். புதிதாக இரண்டு, ரத்தம் கசிந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே பழையவை இருந்தன. ஆறி, வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் ஒரே சின்ன வாயின் அளவு. இந்தப் பிள்ளையோடு இவள் நெடுநாள் இருந்திருக்கிறாள்.

"உம்பேரு என்னம்மா?"

"பத்மா."

"பையன் என்ன சாப்புடுவான்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "வெள்ளச் சோறு மேடம். கொழம்பு பட்டா தொடமாட்டான்."

"ராத்திரி?"

"தூங்கமாட்டான். சுத்திக்கிட்டே இருப்பான். மிக்சி போட்டா காத மூடிக்குவான். முடி வெட்ட நாலு பேரு புடிக்கணும். போற வழி மாறினா கத்துவான். இன்னிக்குச் சந்தைன்னு பஸ்ஸ முன்னாடியே நிறுத்தி எறக்கிட்டாங்க. எங்க அக்கா ஊர் ஸ்டாப்பு வரல. அதான் கத்தறான். எல்லாரும் பாக்கறாங்கன்னு வாயப் பொத்திட்டேன் மேடம்."

நாம் அறையில் உட்கார்ந்து கேட்கிற கேள்விகள்தான். அவள் பதில்கள் முட்டிக்கொண்டு வந்தன. அவளிடம் இதையெல்லாம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது தெரிந்தது.

தீவனக் கடைக்காரர் பொறுமை இழந்தார். "இதெல்லாம் எதுக்கு மேடம்? நான் புள்ளயக் கீழ எறக்கி விடறேன். பெத்தவளா இருந்தா தன்னால ஓடிப்போவான். போகலைன்னா தெரிஞ்சிடும்ல."

"ஆமா, எறக்கி விடுங்க" என்றது கூட்டம். எல்லோருக்கும் அது நியாயமான சோதனையாகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பத்மாவின் காதருகே குனிந்தேன்.

"எறக்கி விட்டா உங்கிட்ட வருவானாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். வருவான் என்று சொன்னால் அந்த நிமிடத்துக்குத் தப்பிக்கலாம். சுற்றி நிற்பவர்கள் எதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"வரமாட்டான் மேடம்," என்றாள். "சக்கரம் எங்க கண்ணுக்குப் படுதோ அங்க போவான். என்னத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். எப்பவும் அப்படித்தான்."

கூட்டத்துக்குப் பயந்து சொன்ன குரல் அல்ல அது. தன் வீட்டு அவமானம் ஒன்றை வெளியே சொல்ல நேர்ந்தவளின் குரல். கடத்தி வந்தவள் இந்தப் பதிலைச் சொல்ல மாட்டாள். அப்போதுதான் நான் முழுதாக அவள் பக்கம் சாய்ந்தேன்.

எழுந்து நின்றேன். என்னால் முடிந்த அளவு நிதானமாகப் பேசினேன். "எறக்கி விடலாங்க. ஆனா அவன் அம்மாகிட்ட வரமாட்டான். அந்தப் பொண்ணே அதச் சொல்லுது. சக்கரம் இருக்கற எடத்துக்குப் போவானாம். பாக்கலாம். ரோட்டுல பஸ் வருது, இவனுக்கு வண்டி பயம் கெடயாது. ஓடி விழுந்துடுவான். தயவுசெஞ்சு எல்லாரும் ரோட்டுப் பக்கம் கை கோத்து நில்லுங்க. யாரும் கூப்பிடாதீங்க, தொடாதீங்க."

 முதலில் அந்த அங்கன்வாடித் தாய் போய் நின்றாள். அடுத்து இரண்டு கிழவர்கள். செல்போன் இளைஞனும் போனைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்துக்காரரின் கையைப் பிடித்தான். கொஞ்சம் முன்பு அடிக்க ஓங்கிய கைகள் இப்போது ஒரு பிள்ளை விழாமல் இருக்க வேலியாக நின்றன. வெறும் கையோடு சுற்றி நிற்கிற கூட்டத்தைப் போலப் பயங்கரமானது வேறில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட முடிந்தால் கொடுங்கள். நான் கற்றுக்கொண்டதில் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது இதுதான்.

தீவனக் கடைக்காரர் பையனை இறக்கிவிட்டார்.

அவன் ஓடினான். பத்மாவை உரசிக்கொண்டு ஓடினான், அவள் நீட்டிய விரல்களைத் தாண்டி. ஓரத்தில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி இருந்தது. வேடிக்கை பார்ப்பதற்காக ஜூஸ் கடைக்காரர் மோட்டாரை நிறுத்தியிருந்தார். அதன் பெரிய இரும்புச் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தான். சொன்னபடியேதான் நடந்தது. ஆனால் கூட்டம் பார்த்தது வேறு.

"பாத்தீங்களா," என்றது ஒரு குரல். "திரும்பிக்கூடப் பாக்கல."

கோத்திருந்த கைகளில் இரண்டு மூன்று பிரிந்தன. நான் பத்மாவுக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அவளிடம் வருவான் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போலீஸ் வண்டியின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

சக்கரம் சுற்றவில்லை என்பதால் பையன் கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டான். ஜூஸ் கடைக்காரர் இரக்கப்பட்டு, "இந்தா தம்பி, நான் சுத்தறேன்" என்று கையை நீட்டினார். பையன் அந்தக் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தான். தீவனக் கடைக்காரரின் வேட்டியைத் தாண்டினான். என்னைச் சுற்றிக்கொண்டு வந்தான். பத்மாவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல், அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் எழுந்தாள். கதவைத் திறக்கச் சாவியை எடுத்துப்போவதுபோல அந்தக் கையை எடுத்துப்போய்ச் சக்கரத்தின் மேல் போட்டான்.

அவள் சுற்றினாள். அவன் சிரித்தான்.

"இவ்ளோ பேரு கை இருக்குதுங்க இங்க," என்றேன். "அவன் அவ கையத்தான் எடுத்தான்."

சக்கரம் நிற்கும்போதெல்லாம் அவன் அந்தக் கையையே எடுத்து எடுத்து வைத்தான். போலீஸ்காரர் வந்து இறங்கியபோது வேலி தானாகக் கலைந்துகொண்டிருந்தது. தீவனக் கடைக்காரர் என் பக்கம் வந்து, "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க மேடம். நல்லதுக்குன்னுதான் பண்ணோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது.

இதை ஒரு வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நாட்களில் அவன் சக்கரத்திடமே நின்றுவிடுவான் என்று பத்மா பிறகு சொன்னாள். அன்று அவன் திரும்பி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். பிள்ளையின் நடத்தையை வைத்துத் தாயை அளக்கிற எந்தச் சோதனைக்கும் இனி சம்மதிக்க மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன். அன்றைக்கு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஸ்டேஷனில் பத்மாவிடம் விவரம் கேட்டு உட்காரவைத்தார்கள். சாயங்காலம் கணவர் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தார். அதுவரை நானும் முருகேசனும் கூடவே இருந்தோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பத்மா கேட்டாள்: "இவனுக்கு என்ன மேடம்? உங்களுக்குத் தெரியும். உங்க மூஞ்சில தெரியுது. எங்க மாமனாரு, ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், டிவில வர்றதெல்லாம் சொல்றான் பாரு, மூள ஜாஸ்திங்கறாரு."

சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. தள்ளிப்போட்டால் இவள் இனி பஸ் ஏறி நம்மிடம் வரவே மாட்டாளோ என்ற பயம் ஒரு பக்கம். அடிபட்டு, கிழிந்த துணியோடு, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து இவள் அந்தச் சொல்லைக் கேட்டால், வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்கு இந்த நாளின் முகம்தான் இருக்கும் என்ற பயம் இன்னொரு பக்கம். முறையாகப் பரிசோதிக்காமல் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

"சந்தேகம் ஒண்ணு இருக்குதும்மா," என்றேன். "மறைக்கமாட்டேன். ஆனா டாக்டரும் நானும் அவனோட நிதானமா உக்காந்து பாக்கணும். நீ பஸ்ல வர வேண்டாம். நானே வூட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடி அடுத்த வாரம் வண்டியோடு போனேன். உடம்புக் காயங்கள் ஆறியிருந்தன. அந்த நாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை என்று கணவர் சொன்னார். சந்துவை, அவள் மகனை, இரண்டு நாள் பார்த்தோம். காது கேட்கிறதா என்று சோதித்தோம். டாக்டர் பெற்றோர் இருவரையும் உட்காரவைத்து ஆட்டிசம் என்று சொன்னார். என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதையும் சொன்னார். கணவர், ஸ்கூலில் சேர்ப்பார்களா, மாத்திரை உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பத்மா வெளியே வந்து வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான்தான் அம்மான்னு அவனுக்குத் தெரியுமா மேடம்? அன்னிக்கு அவங்க கேட்டப்போ அம்மா இல்லையான்னு சொன்னானே."

அவள் உடம்பில் பட்ட அடிகளை நான் பார்த்திருந்தேன். இதைப் பார்க்கவில்லை. அவன் பதில் சொல்லவில்லை, கேட்ட சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அம்மா என்று கூப்பிட அவனுக்கு இன்னும் வழி தெரியவில்லை, ஆனால் அத்தனை கைகளில் எது உன் கை என்று தெரியும் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை வர வேண்டும். எப்போதும் வண்டி அனுப்ப முடியாது. சந்துவின் கழுத்தில் தொங்கவிட, பெயரும் விவரமும் போட்ட ஒரு அட்டை தயார் செய்து கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாட்டுவாளா மாட்டாளா என்று நான் கேட்கவில்லை. அது அவள் முடிவு.

பத்மா முதல் தடவை பஸ்ஸில் வந்த நாளன்று எனக்கு வேலை ஓடவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே போய் நின்றேன். வர வேண்டிய பஸ் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. எங்கோ ஒரு முக்கில் பஸ்ஸை நிறுத்தி, ஒரு கூட்டம் அவளை இறக்கிக்கொண்டிருப்பதாகவே மனதுக்குள் ஓடியது. அடுத்த பஸ்ஸில்தான் இறங்கினாள். சந்து தோளில் இருந்தான். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியிருந்தது. அவன் கழுத்தில் அட்டை இல்லை.

"முன்னாடி பஸ்ல கூட்டமுங்க மேடம், ஏத்தல. இதுல ரெண்டு எடத்துல கத்தினான். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நானே எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"இவன் எம்பையன், இவனுக்கு ஆட்டிசம், கொஞ்ச நேரம் கத்துவான், அப்புறம் நிறுத்திடுவான்னு."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒரு அக்கா தள்ளி உக்காந்து எடம் குடுத்தாங்க. மத்தவங்க பாத்துக்கிட்டே வந்தாங்க."

"பயமா இருந்துதாம்மா?"

"இப்பவும் இருக்குது மேடம்," என்று சொல்லிவிட்டு, சந்துவை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.